மொழிக்குள் போய்க் குடியிருங்கள்!

ஒரு மொழியைக் கற்க உலகத்திலேயே சிறந்த வழி எது என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அந்த மொழி பேசும் ஊருக்குப் போங்கள். அந்த மொழி பேசும் வீட்டில் தங்குங்கள். அவர்கள் சாப்பிடும் நேரத்தில் சாப்பிட்டு, அவர்கள் உலாவும் நேரத்தில் உலாவி, அவர்கள் சண்டை போடுவதையும் சமாதானமாவதையும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். ஸ்பானிஷ் மொழிக்காக நான் இதைத்தான் செய்தேன். ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் ஓர் இலையுதிர் காலம் முழுக்க வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகச் சிறந்த காரியங்களில் இது ஒன்று. திரும்பி வந்த நாளிலிருந்து ஓசூரில் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடம்!

ஓசூரில் இருந்துகொண்டு ஸ்பானிஷ் எதற்கு?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் அரை மணி நேரம் நின்று, வெளியே வருகிற கண்டெய்னர் லாரிகளின் சரக்கு எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்று விசாரித்துப் பாருங்கள். பதில் தானாகக் கிடைக்கும். டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் புறப்பட்ட ஊர் இது. இன்று இங்கே தயாராகும் இருசக்கர வாகனங்கள் லத்தீன் அமெரிக்கத் தெருக்களில் ஓடுகின்றன. உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்ன கம்பெனிகளுக்கும் அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள் உண்டு. நான் வேலை பார்ப்பதும் அப்படி ஒரு கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில்தான். மெக்சிகோவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வரும் கடிதங்களை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுப் படித்துப் பதில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, கடிதத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதர்களோடு நேராகப் பேச வேண்டும் என்று ஆசை வந்தது. ஏறக்குறைய 50 கோடிப் பேரின் தாய்மொழி. 20 நாடுகளில் அரசாங்கம் நடக்கும் மொழி. அதைக் கற்றுக்கொண்டால் எத்தனை கதவு திறக்கும்!

கற்கும் வழியைத் தேடியபோதுதான் இம்மெர்ஷன் புரோகிராம் என்ற ஏற்பாடு கண்ணில் பட்டது. காலையில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் உள்ளூர்க் குடும்பத்தோடு வாழ்க்கை, விழித்திருக்கும் நேரம் முழுக்க ஸ்பானிஷ். விளக்கத்தைப் படித்த உடனே எனக்குத் தோன்றியது: அட, இது நம்ம ஊர் வழியாயிற்றே!

உண்மைதானே? மத்திகிரியில் எங்கள் வீட்டுக்கு இடது பக்கம் தெலுங்கு, வலது பக்கம் கன்னடம், எதிர் வரிசையில் உருது. பால் ஊற்றும் அக்காவிடம் தெலுங்கு பேசுவோம். அத்திப்பள்ளி பஸ் ஏறினால் கன்னடத்துக்கு மாறிவிடுவோம். தளி ரோட்டுக் கடைகளில் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி கலந்து பேரம் நடக்கும். இதையெல்லாம் எங்களுக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையும் பம்பர விளையாட்டும் கம்பெனி கேன்டீனும் சொல்லிக் கொடுத்தன. 1965-இல் கனடாவில், மொன்ட்ரியாலுக்கு அருகே செயின்ட் லாம்பெர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் விடாப்பிடியாகக் கேட்டு, தங்கள் பிள்ளைகளுக்கு முழுக்க முழுக்க பிரெஞ்சிலேயே நடக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்க வைத்தார்கள். கல்வி உலகம் இந்த முறையை ஆராயத் தொடங்கியதற்கு அந்த வகுப்பே முக்கியக் காரணம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாகலூர்ப் பக்கத்துத் தெருக்களில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது நடந்துகொண்டிருக்கிறது.

ஸ்பெயின் பக்கத்திலிருந்து நம் கரைக்கு இதே வழியில் வந்தவரும் உண்டு. பிரான்சிஸ் சவேரியார் இன்றைய ஸ்பெயினில் இருக்கும் நவார்ராவில் பிறந்தவர். 1542-இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் பரதவர் மக்களோடு தங்கினார். உள்ளூர்க்காரர்களின் உதவியோடு ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, மக்களோடு சேர்ந்து சொன்னார். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகு நான் எதிர்த்திசையில் கிளம்பினேன்.

என்ன ஒரு ஊர்!

மாட்ரிட் விமான நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்து, காய்ந்த பொன்னிறச் சமவெளியில் இரண்டரை மணி நேரம் போனால் சலமாங்கா. தோர்மெஸ் ஆற்றுக்கு மேலே எழுந்து நிற்கும் நகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட ஓசூர் அளவு மேட்டு நிலம். அதனால் செப்டம்பர் மாதத்துக் காலைக் குளிர் எனக்குச் சொந்த ஊர்க் குளிராகவே இருந்தது.

பழைய நகரம் முழுவதும் வில்யாமயோர் என்ற பக்கத்து ஊரில் வெட்டியெடுத்த மணற்கல்லால் கட்டியது. அந்தக் கல்லில் இரும்புச் சத்து இருப்பதால் காற்றும் வெயிலும் பட்டுப் பட்டு அது பொன்னிறமாகிவிடுகிறது. மாலை வெயில் சாயும்போது கோபுரம், மதில், வீடு, வளைவு அத்தனையும் தங்கமாக நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் மூச்சு நின்று வரும்! 1988-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மொழி படிக்க வருகிறவர்களுக்கு இது புண்ணியத் தலம் என்றே சொல்வேன். சலமாங்கா பல்கலைக்கழகம் 1218-இல் தோன்றியது. இங்கே படித்து, பிறகு இங்கேயே பாடம் சொன்ன அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492-இல் ஸ்பானிஷ் மொழிக்கு ஓர் இலக்கண நூல் எழுதி அச்சிட்டார். ஐரோப்பாவின் பேச்சுமொழி ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் அது. கொலம்பஸ் கடல் கடந்த அதே ஆண்டு! ஸ்பானிஷ் மொழித் தகுதிக்கு உலகெங்கும் மதிக்கப்படும் தெலெ தேர்வில் இன்றைக்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. தொல்காப்பியம் பிறந்த மொழியிலிருந்து போகிறவளுக்கு, இலக்கணத்தைக் கொண்டாடும் ஓர் ஊரைக் கண்டால் எப்படி இருக்கும்? நெஞ்சு நிறைந்துவிட்டது.

வகுப்பு

முதல் நாள் ஒரு தேர்வு வைத்து, நமக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து, ஏ1-இலிருந்து சி2 வரையிலான ஆறு படிகளில் சரியான படியில் உட்கார வைக்கிறார்கள். வகுப்பு சிறியது. என் வகுப்பில் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி, எல்லோரும் கற்க வந்த மொழிதான். இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்குமா!

ஆசிரியை முதல் நிமிடத்திலிருந்து ஸ்பானிஷ் தவிர வேறு மொழியில் வாய் திறக்கவில்லை. கையைக் காட்டுவார், படம் வரைவார், நடித்துக் காட்டுவார், அதே வாக்கியத்தை மூன்று விதமாக மாற்றிச் சொல்வார். புரியாமல் போகவே போகாது. வீட்டுப்பாடம்கூட நோட்டுப் புத்தகத்தோடு முடியாது. நகரத்து மத்திய மார்க்கெட்டுக்குப் போய், ஏதாவது ஒரு பொருளை எப்படிச் சமைப்பது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்து, மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டும். நான் போனது பருப்புக் கடைக்கு. சலமாங்காவுக்கு வடக்கே லா அர்மூஞா என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே விளையும் பருப்பு ஸ்பெயின் முழுக்கப் பெயர் பெற்றது. கடைக்கார அம்மா ஒரு கைப்பிடி பருப்பை என் உள்ளங்கையில் கொட்டி, பூண்டு எவ்வளவு, பிரிஞ்சி இலை எப்போது, தண்ணீர் எந்த மட்டம் என்று விரலால் அளந்து காட்டினார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பாட்டி அதை ஒத்துக்கொள்ளவில்லை. பூண்டை நறுக்கக் கூடாது, முழுசாகப் போட வேண்டும் என்றார். இருவருக்கும் வாக்குவாதம் மூண்டது. சமையல் குறிப்போடு கட்டளைச் சொற்கள், அளவுச் சொற்கள், மறுத்துப் பேசும் முறை எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாக எனக்குக் கிடைத்தன.

தமிழர்களே, நமக்கு இது எளிது!

தமிழ்ச் செவிக்கும் தமிழ் நாக்குக்கும் ஸ்பானிஷ் எவ்வளவு அணுக்கமானது என்பதுதான் என்னைத் துள்ள வைத்த விஷயம். ஸ்பானிஷில் உயிரொலி ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. எழுதியதை எழுதியபடியே படிக்கலாம். ஆங்கிலத்தில் படும் பாடு எதுவும் இல்லை. நாக்கு ஒருமுறை தட்டும் ரகரம் ஒன்று, நாக்கு அதிரும் றகரம் ஒன்று என இரண்டு உண்டு. வகுப்பில் மற்ற நாட்டுக்காரர்கள் நாக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சின்ன வயதில் ரகர றகர வேறுபாட்டைச் சொல்லிப் பழகிய எனக்கு அது சட்டென்று வந்துவிட்டது. ஞகரமும் அப்படியே இருக்கிறது.

இலக்கணம் அதைவிட ஆச்சரியம். நம் மொழியில் ‘பேசினேன்’ என்றால் போதும், பேசியது யார் என்று விகுதியே சொல்லிவிடும். ஸ்பானிஷிலும் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ‘நான்’, ‘நீ’ என்று ஒவ்வொரு முறையும் போட வேண்டியதில்லை. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோமே, அவர்களும் அச்சு அசலாக அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் ‘நான் காபியை விரும்புகிறேன்’ என்ற அமைப்பிலிருந்து வெளியே வரத் திணறுவார்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் அங்கே பாதை போட்டு வைத்திருக்கிறது.

இன்னொன்றைக் கேளுங்கள். ‘படம் பார்த்தேன்’ என்று சொல்கிறோம். ஆனால் ‘மாமா பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது. ‘மாமாவைப் பார்த்தேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். உயர்திணை செயப்படுபொருளாக வந்தால் வேற்றுமை உருபைக் கட்டாயம் போட வேண்டும். ஸ்பானிஷிலும் இதேதான்! படத்தைப் பார்த்தால் ஒன்றும் சேர்க்க வேண்டாம். மனிதரைப் பார்த்தால் முன்னால் ஒரு ‘அ’ சேர்க்க வேண்டும். ஆசிரியை இந்த விதியைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் பாதிப் பேர் குழம்பிப் போனார்கள். நான் மட்டும் எழுந்து நின்று, எங்கள் மொழியிலும் இப்படித்தான், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மரபு எங்களுடையது என்று உடைந்த ஸ்பானிஷில் உணர்ச்சி பொங்கச் சொன்னேன். ஆசிரியை சாக்பீஸை என் கையில் கொடுத்து, தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டச் சொன்னார். நெப்ரிஹாவின் ஊரில் கரும்பலகையில் ‘மாமாவைப் பார்த்தேன்’ என்று எழுதிய அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

நமக்குக் கடினமானது ஒன்று உண்டு. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயிரற்றதெல்லாம் ‘அது’ என்று பழகிய நமக்கு இது புதுசு. தனியாக மனப்பாடம் செய்தால் நிற்காது. ஒரு வீட்டில் வாழ்ந்து, ‘அந்தச் சிவப்பு மேசையைத் துடை’, ‘அந்தப் பழைய புத்தகத்தை எடு’ என்று நாள் முழுக்கக் கேட்டால், பெயரும் பாலும் சேர்ந்தே காதில் குடியேறிவிடும். இம்மெர்ஷனின் முழுப் பலன் இந்த மாதிரி இடங்களில்தான் தெரியும்.

புரட்டாசியும் ராகிக் களியும்

நான் தங்கிய வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டதால் வெளிநாட்டு மாணவிகளை வீட்டில் சேர்த்துக்கொள்ளும் பெரியவர். எனக்கென்று தனி அறை. மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். வயதில் மூத்தவரை மரியாதை வடிவில் கூப்பிட்டேன். அதெல்லாம் வேண்டாம், ‘நீ’ என்றே சொல் என்றார். முதலில் தயக்கமாக இருந்தது. பிறகு யோசித்தேன். நம் வீட்டில் அம்மாவை ‘நீ’ என்றுதானே கூப்பிடுகிறோம்? அன்றிலிருந்து அவரை ‘நீ’ என்றேன். அவர் என்னை ‘மகளே’ என்றார்.

சாப்பாடு முடிந்தும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அது அவர்கள் வழக்கம். வட்ட மேசையின் மேல் தரை வரை தொங்கும் கனத்த துணி. மேசைக்கு அடியில் மின்சார அடுப்பு. காலைத் துணிக்குள் விட்டுக்கொண்டால் இடுப்பு வரை கதகதப்பு. அக்டோபர் குளிரில் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவோம், பேசுவோம், பேசிக்கொண்டே இருப்போம். நான் கற்ற ஸ்பானிஷில் பாதி அந்த மேசையில் கற்றது.

நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் புரட்டாசி பிறந்தது. சலமாங்கா வட்டாரம் பன்றி இறைச்சிக்குப் பேர் போனது. பருப்பில்கூடத் தொத்திறைச்சியைப் போடுவார்கள். காய்கறி சாண்ட்விச் என்று கேட்டு வாங்கினாலும் உள்ளே சூரை மீன் இருக்கும்! இந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் சாப்பிட மாட்டேன், இது பெருமாளுக்கு உகந்த மாதம், சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்துக் கோயில்களில் கூட்டம் அலைமோதும் என்று சொல்ல ஆரம்பித்தேன். கடவுள், விரதம், பழக்கம், பாட்டி, ஊர் என்று ஒரு பேச்சுக்குள் எத்தனை காலம், எத்தனை வினைச்சொல்! அவர் கவனமாகக் கேட்டார். பிறகு முகம் மலர்ந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தங்கள் வீட்டிலும் கறி கிடையாது, அப்போது கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்த்துச் சமைப்போம் என்றார். அதில் வழக்கமாகச் சேரும் மீனை விட்டுவிட்டு மறுநாளே செய்து வைத்தார். அந்த மாதம் முழுக்க அர்மூஞாப் பருப்பு, கீரை, கொண்டைக்கடலை, மிளகாய்த்தூள் தூவிய உருளைக்கிழங்கு மசியல் என்று ராஜ போஜனம்தான்.

பதிலுக்கு நானும் ஒரு விருந்து வைத்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரி ராகி மாவு இல்லாமல் ஊர் தாண்டுவாளா? களி கிண்டி, உருண்டை பிடித்து, அர்மூஞாப் பருப்பில் கீரையைக் கடைந்து பக்கத்தில் ஊற்றினேன். அம்மா முள்கரண்டியை எடுத்தார். ‘கரண்டி வேண்டாம், கையால் கிள்ளு. குழம்பில் தோய். மெல்லாதே, அப்படியே விழுங்கு!’ என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஸ்பானிஷில் ‘செய்’ என்பதற்கு ஒரு வடிவம், ‘செய்யாதே’ என்பதற்கு வேறொரு வடிவம். அந்த எதிர்மறை வடிவம்தான் அந்த மொழியைக் கற்பவர்கள் எல்லோரும் பயப்படும் இடம். ‘நோ லோ மாஸ்தீக்கெஸ்’, அதை மெல்லாதே என்று அன்றைக்கு என் வாயிலிருந்து பிசகில்லாமல் வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாவது உருண்டையைத் தானே எடுத்துக்கொண்டார். அந்த இலக்கணம் அதற்குப் பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை.

மாலை நேரத்துப் பள்ளிக்கூடம்

சாயங்காலம் ஆனால் ஊரே பிளாசா மயோர் சதுக்கத்துக்கு வந்துவிடும். 1729-இல் தொடங்கி 1755-இல் முடிந்த கட்டடம். நான்கு பக்கமும் வளைவுகள், வளைவுகளுக்கு மேலே அரசர்கள், அறிஞர்களின் முகங்கள் செதுக்கிய வட்டங்கள். ‘கடிகாரத்துக்குக் கீழே’ என்று சொன்னால் போதும், யாரும் வேறு அடையாளம் கேட்க மாட்டார்கள். சலமாங்காக்காரர்கள் சந்திப்பது அங்கேதான்.

ஆங்கிலம் பழக விரும்பும் உள்ளூர்க் கல்லூரி மாணவி ஒருத்தியை நானும் அங்கேதான் சந்திப்பேன். பாதி நேரம் ஸ்பானிஷ், பாதி நேரம் ஆங்கிலம். பேசிக்கொண்டே நடப்போம். முந்நூறுக்கு மேற்பட்ட கல் சிப்பிகள் பதித்த சிப்பி மாளிகை இப்போது பொது நூலகம், உள்ளே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கலாம். பல்கலைக்கழக முகப்பில் மண்டையோட்டின் மேல் ஒளிந்திருக்கும் குட்டித் தவளையைத் தேடலாம். புதிய கதீட்ரலின் வாசலில், 1992-இல் புதுப்பித்தபோது ஒரு சிற்பி செதுக்கிச் சேர்த்த விண்வெளி வீரரைப் பார்க்கலாம். ரோமானியர் காலத்துப் பாலத்தைக் கடந்தால் ஆற்றங்கரை. அவளுடைய சிரிப்பு, கிண்டல், அரசியல் கோபம், காதல் புலம்பல் அத்தனையும் எனக்குப் பாடம். ஸ்பெயினின் இந்தப் பகுதியில் உச்சரிப்பு தெளிவாக, வெட்டு வெட்டாக இருக்கும். தொடங்குகிறவர்களின் காதுக்கு அது பெரிய வரம்.

திரும்பி வந்த பிறகு

மறுபடி அதே ஏற்றுமதிப் பிரிவு, அதே நாற்காலி. ஆனால் வேலையே மாறிவிட்டது. கொலம்பியாவிலிருந்து அழைப்பு வந்தால், ‘இன்று பொழுது எப்படி விடிந்தது?’ என்று அவர்கள் ஊர் வழக்கப்படி விசாரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். அவர்கள் அம்மா உடம்பைப் பற்றி, மழையைப் பற்றி, கால்பந்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் பேரிங்குக்கும் பேக்கிங்குக்கும் வருவோம். ஸ்பெயினில் நாக்கைப் பல்லிடையில் வைத்துச் சொல்லும் சகரத்தை அவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். காதுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. கடிதத்தில் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த சந்தேகங்கள் இப்போது ஒரே அழைப்பில் தீர்கின்றன.

பயன் கம்பெனியோடு நிற்கவில்லை. பாகலூர்ப் பக்கம் பாலிஹவுஸ் போட்டு ரோஜா வளர்க்கும் உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். பிப்ரவரி 14-ஐக் குறிவைத்து ஓசூரிலிருந்து ரோஜா வெளிநாடு போவது உங்களுக்குத் தெரியும். அந்தச் சந்தையில் உலகின் முன்வரிசையில் இருப்பவை கொலம்பியாவும் ஈக்வடாரும். அந்த நாட்டு விவசாயிகள் கவாத்து செய்வதையும் நோய்க்கு மருந்தடிப்பதையும் விளக்கும் வீடியோக்கள் ஸ்பானிஷில் ஏராளமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். நான் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொள்வார். கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். மாம்பழ ஏற்றுமதியில் பெரிய நாடான மெக்சிகோ பேசுவதும் இந்த மொழிதான்.

போக நினைப்பவர்களுக்கு

கிளம்புவதற்கு முன் ஏ1 அளவுக்காவது இங்கேயே படித்துக்கொள்ளுங்கள். டெல்லியில் உள்ள இன்ஸ்டிடூட்டோ செர்வாந்தெஸ் ஸ்பெயின் அரசின் நிறுவனம், இணைய வழியிலும் பாடம் நடத்துகிறது. நிகழ்கால வினை விகுதிகளும் எண்களும் கேள்விச் சொற்களும் கையில் இருந்தால் முதல் வாரத்திலிருந்தே பறக்கலாம்.

ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா வேண்டும். குறுகிய கால விசாவில் 180 நாள் இடைவெளிக்குள் 90 நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் படிக்க மாணவர் விசா. குறுகிய கால விசாவுக்கான கட்டணம் 2024-இலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தயவுசெய்து குடும்பத்தோடு தங்குங்கள். நம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து அறை எடுத்தால் சாம்பார் கிடைக்கும், மொழி கிடைக்காது. உணவு விஷயத்தைப் பள்ளிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். குளிர்காலத்தில் சலமாங்காவில் இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், செப்டம்பரும் அக்டோபரும் அருமையான மாதங்கள்.

லத்தீன் அமெரிக்காவோடு தொழில் செய்பவர்கள் குவாத்தமாலாவின் ஆன்டிகுவா, கெத்சால்தெனாங்கோ நகரங்களையும் யோசிக்கலாம். அங்கே ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்ற முறையில் பாடம் நடக்கிறது, குடும்பத்தோடு தங்கும் வசதியும் உண்டு. மெக்சிகோவின் வஹாக்காவிலும் கொலம்பியாவின் மெதெயினிலும்கூட இத்தகைய பள்ளிகள் இருக்கின்றன.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிறந்து வளர்ந்தது நாலு மொழி புழங்கும் தெருவில். புது மொழியைக் கேட்டு மிரளாத காதும், தயங்காமல் பேசிப் பார்க்கும் துணிச்சலும் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கின்றன. உலகத்தில் பலர் பணம் கொடுத்துத் தேடும் பயிற்சி அது. தமிழ் அறிந்த நாக்குக்கு ஸ்பானிஷ் இனிதாக வரும், ஓசூரில் வளர்ந்த மனத்துக்கு அது இன்னும் இனிதாக வரும். பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள். சேமிக்கத் தொடங்குங்கள். இன்றைக்கே பத்து வினைச்சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். போய் அந்த மொழிக்குள் குடியிருந்துவிட்டு வாருங்கள். போகும்போது ஒரு பொட்டலம் ராகி மாவையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்!